விலைப் பக்கத்தில் இல்லாத விலை: ஹட்டன் வரைபட அலுவலகம் ஒன்றின் கிளவுட் பில்

ஹட்டன் நகரில் மூன்று பேர் வேலை செய்யும் ஒரு வரைபட அலுவலகம். பிரதேச சபை அனுமதிக்கு வீட்டுப் பிளான் கீறுவது, சர்வேயர்மாருக்கு ஒட்டோகேட் என்ற வரைதல் மென்பொருளில் வரைந்து கொடுப்பது, கொஞ்ச காலமாக ட்ரோனில் படம் எடுத்துச் சரிவு நிலங்களுக்குக் கொன்டூர் (சம உயரக் கோட்டு) வரைபடம் தயாரிப்பது என்று தொழில் ஓடுகிறது. நடத்துபவர் தோட்டத்தில் பிறந்தவர். படவரைஞர் பயிற்சி முடித்துக் கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்ற இருவரும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் இளையவர்கள். கணக்கு வழக்கை நான் பார்த்துக் கொடுக்கிறேன். அந்த வழியில்தான் இந்த பில் என் கைக்கு வந்தது.

ஒரே ஒரு வேலைக்குப் பயன்படுத்திய கிளவுட் மென்பொருள், அந்த வேலைக்குக் கிடைத்த கூலியில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. மென்பொருள் தந்த வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலை கூட என்பதும் என் முறைப்பாடு இல்லை. நல்ல கருவிக்கு நல்ல விலை கொடுக்கத்தான் வேண்டும். படங்களை ஏற்றுவதற்கு முன்னால் "இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும்" என்று கணக்குப் போட வழியே இல்லாமல் இருந்ததுதான் பிரச்சினை. தன் செலவு தெரியாத அலுவலகம் தன் வாடிக்கையாளருக்கு எப்படி விலை சொல்லும்? இதே மாதிரி விலை வைக்கும் நிறுவனங்கள் நிறைய இருப்பதால் இந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

வேலை என்ன?

தோட்ட டிவிஷன் ஒன்றில் லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பதிலாகத் தனி வீடு கட்ட ஒதுக்கிய நிலம். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற கணக்கில் துண்டு போட வேண்டும். தேயிலை பிடுங்கிய செங்குத்தான சரிவு, நடுவே ஒரு ஓடை. வீடு கட்டும் கொந்தராத்துக்காரருக்கு மூன்று விஷயம் தேவைப்பட்டது: கொன்டூர் வரைபடம், எங்கெங்கே தாங்கு சுவர் வரும் என்ற குறிப்பு, எவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்ற கணக்கு.

மலையகத்தில் இது வெறும் கடதாசி வேலை இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சரிவுகள் இறங்கின. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். அதனால் சரிவை ஒழுங்காக அளந்து கொடுக்கும் ஓர் அலுவலகம் ஹட்டனிலேயே இருப்பது நல்ல காரியம் என்று நான் நினைக்கிறேன். கொழும்பிலிருந்து ஆள் வரவழைத்தால் போக்குவரத்துக்கும் தங்குவதற்குமே ஒரு தொகை போய்விடும்.

கொட்டேஷன் ரூபாயில் போனது. ஒரே தொகை, பாதி முற்பணம், மீதி வரைபடம் கொடுத்த பிறகு. அந்தத் தொகைக்குள் மென்பொருள் செலவாக ஒரு மாதச் சந்தாவைச் சேர்த்திருந்தார்கள். விலைப் பக்கத்தில் கண்ட எண் அது ஒன்றுதான்.

சரிவு கேட்கும் கூடுதல் படங்கள்

ட்ரோன் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி முப்பரிமாண நிலமாக மாற்றித் தரும் மென்பொருள் இது. சந்தாவோடு மாதம் 30 கிகாபிக்சல் செயலாக்கம் சேர்த்தி. கிகாபிக்சல் என்றால் என்னவென்று விலைப் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. உதவிப் பக்கங்களைத் தேடிப் போனால் கிடைக்கும்: ஏற்றும் படங்கள் எல்லாவற்றின் பிக்சலையும் கூட்டினால் வருவது. அலுவலகத்தின் ட்ரோன் 20 மெகாபிக்சல் படம் எடுக்கும். அப்படியானால் 50 படம் ஒரு கிகாபிக்சல்.

சமவெளியில் இந்த அளவு நிலத்துக்கு 600 படம் தாராளமாகப் போதும். அதாவது 12 கிகாபிக்சல், 30க்குள் அடங்கிவிடும். அலுவலகம் போட்ட கணக்கும் இதுதான், கணக்கில் தப்பில்லை.

சரிவில் கதை வேறு. ட்ரோன் ஒரே உயரத்தில் பறந்தால் மேட்டுப்பக்கம் நிலம் கிட்டே வந்துவிடும், பள்ளப்பக்கம் தூரப் போய்விடும். கிட்டே உள்ள இடத்தில் ஒரு படம் பிடிக்கும் பரப்பு சிறிது, ஆகவே அடுத்தடுத்த படங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும் பங்கு குறைந்துபோகும். அதைச் சரிக்கட்ட நிலத்தின் ஏற்ற இறக்கத்தையொட்டிப் பறக்கவிட வேண்டும், கோடுகளை நெருக்க வேண்டும், வெட்டுமுகங்களுக்குச் சாய்த்துப் படம் எடுக்க வேண்டும். ஒரே மாதிரியான தேயிலை நிரைகளில் எது எந்த நிரை என்று மென்பொருளும் தடுமாறும். அதற்கும் மருந்து கூடுதல் படங்கள்தான். பரப்பு அதே பரப்பு, படம் மட்டும் இரட்டிப்பாகிறது. கிகாபிக்சலில் விலை வைத்தால் அநுராதபுரத்து வயல்காரரை விட ஹட்டன்காரர் ஒரு ஏக்கருக்குக் கூடக் கொடுப்பார். இதை வேண்டுமென்று யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அளவுகோலைத் தேர்ந்தெடுத்தவர் எந்த நிலத்தை மனதில் வைத்திருந்தார் என்பது தெரிகிறது.

பிறகு மூடுபனி. முதல் நாள் 600 படம் எடுத்து முடிக்கும் நேரத்தில் பள்ளத்திலிருந்து பனி ஏறிவிட்டது. கடைசி பட்டரியில் எடுத்த நூறு படம் வெள்ளையாகப் போயின. இருந்தாலும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க 600ஐயும் மென்பொருளில் ஏற்றி ஓடவிட்டார்கள். ஓடைப்பக்கம் கிழிசலாக வந்தது. அந்த ஓட்டத்துக்கு 12 கிகாபிக்சல் கழிந்தது.

மறுபடி போய் விட்ட இடத்தையும் வெட்டுமுகங்களையும் எடுத்தார்கள். கெட்டுப்போன நூறைக் கழித்து, புதிதாக 600ஐச் சேர்த்து மொத்தம் 1,100 படம். ஏறக்குறைய 10 ஜிபி, 4ஜி இணைப்பில் இராத்திரி முழுக்க ஏறியது. இரண்டாவது ஓட்டத்துக்கு 22 கிகாபிக்சல்.

அந்த ஓட்டம் முடிந்ததும், வரைபடத்தில் நிலம் வங்காள விரிகுடாவுக்குள் போயிருந்தது. காரணம் எளிமையானது. தரையில் வெள்ளைப் பலகை வைத்து சர்வேயர் அளந்து கொடுத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எஸ்எல்டி99 என்ற இலங்கை ஆள்கூற்று முறையில் இருந்தன. அதன் தொடக்கப் புள்ளிக்கு 5,00,000, 5,00,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். பழைய கண்டவளை முறையில் அதே புள்ளிக்கு 2,00,000, 2,00,000. மென்பொருளின் பட்டியலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்கின்றன. தவறான வரியைத் தொட்டால் நிலம் கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்துவிடும். படங்களைப் பொருத்தும் பெரிய வேலை ஏற்கனவே முடிந்திருந்தது. மாற்ற வேண்டியது புள்ளிகளின் ஆள்கூற்று முறையை மட்டும்தான். ஆனால் அதை மாற்றிச் சேமித்ததும் மென்பொருள் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து ஓட்டியது, இன்னொரு 22 கிகாபிக்சலைக் கழித்துக்கொண்டது. பொத்தானுக்குப் பக்கத்தில் "மீண்டும் செயலாக்கு" என்று மட்டும் இருந்தது. எவ்வளவு கழியும் என்று இல்லை.

12, 22, 22. மொத்தம் 56. சந்தாவுக்குள் 30. மிச்சம் 26 கிகாபிக்சல் "மேலதிகப் பயன்பாடு".

பில்லின் மூன்று வரிகள்

முதல் வரி அந்த 26. அதற்கான அலகு விலை விலைப் பக்கத்தில் இல்லை, பில்லில்தான் முதல் தடவையாகக் கண்டோம். மேலதிகப் பயன்பாடு "உங்கள் திட்டத்துக்கேற்ற கட்டணத்தில்" அறவிடப்படும் என்று நிபந்தனைகளில் ஒரு வாசகம் உண்டு. என்ன கட்டணம் என்று கேட்டால் விற்பனைப் பிரிவோடு பேசுங்கள் என்பதுதான் பதில்.

இரண்டாவது வரி சேமிப்பு. மூன்று ஓட்டங்களின் முடிவுகளும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தன. கிழிந்துபோன முதல் வரைபடமும் கடலுக்குள் போன இரண்டாவதும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அளவு தாண்டியதும் கணக்கு தானாகவே அடுத்த படிக்கு ஏற்றப்பட்டது. அறிவிப்பு மின்னஞ்சல் ஏற்றிய பிறகுதான் வந்தது.

மூன்றாவது வரியைப் பார்த்ததும் அலுவலகத்தில் எல்லோரும் பேச்சடங்கிப் போனார்கள். வேலை முடிந்ததும் சந்தாவை நிறுத்தினார்கள் அல்லவா, அதற்காக ஒரு தொகை. விலைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் "மாதத்துக்கு" என்று நின்ற எண், ஒரு வருடத்துக்கு உடன்பட்டால் மாதாமாதம் கட்டும் எண்ணாம். உண்மையிலேயே மாதச் சந்தா வேண்டுமென்றால் மேலே உள்ள சின்ன விசையை மறுபக்கம் தள்ள வேண்டும், அப்போது வேறொரு கூடிய விலை வரும். விசை வருடப் பக்கமாகவே வைக்கப்பட்டிருந்தது. இடையில் நிறுத்தினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதி கட்ட வேண்டும்.

இவை எல்லாம் நிபந்தனைகளில் எழுதியிருந்தனவா? மூன்றாவதுக்கு ஆம். இரண்டாவதுக்கு அரைகுறையாக. முதலாவதுக்கு இல்லை.

தொலைபேசியில் மட்டும் கிடைக்கும் விலை

சந்தா எடுப்பதற்கு முன்பே, அலுவலகத்து இளையவர் இருவரில் ஒருவரான, செயலாக்க வேலை பார்க்கும் தங்கச்சி மேலதிகக் கட்டணத்தைப் பற்றி அரட்டைப் பெட்டியில் எழுதிக் கேட்டிருக்கிறார். அந்த உரையாடலை எனக்குக் காட்டினார். அவர் கேட்டது ஒரே ஒரு எண். வந்த பதில்: உங்கள் தேவைகளைப் புரிந்துகொள்ள விரும்புகிறோம், ஓர் அழைப்புக்கு நேரம் ஒதுக்குங்கள். அவர்களுடைய பகல் நேரம் எங்களுக்கு இராத்திரி. அழைப்பு வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினாராம், ஆனால் வேகமான ஆங்கிலம். அரை மணி நேரத்தில் நிறுவனத்தில் எத்தனை பேர், வருடத்துக்கு எத்தனை வேலை, எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். விலை மட்டும் வரவில்லை. "பெரிய திட்டத்துக்கு வந்தால் நல்ல தள்ளுபடி தருகிறோம்" என்று முடித்துவிட்டார்.

"எழுதிக் கேட்டா எழுதிச் சொல்லலாம்தானே அண்ணே" என்றார் தங்கச்சி. இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அவர் ஆங்கிலத்தில் மென்பொருள் கையேடுகளை வாசித்து வேலை பழகியவர். எழுத்தில் இருப்பது எதுவும் அவருக்கு எட்டாததில்லை. தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேரம் பேசுவது வேறு பழக்கம். தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? விலை எழுத்தில் இருந்தால் நியூயோர்க் அலுவலகமும் ஹட்டன் அலுவலகமும் ஒரே விலையைத்தான் பார்க்கும். பேசித் தீர்மானிக்கும் விலையில் பேசத் தெரிந்தவர் குறைவாகக் கட்டுவார், பேசத் தெரியாதவர் கூடக் கட்டுவார்.

நம் ஊர்ச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரி விலையைக் கண்ணில் படும்படி காட்சிப்படுத்த வேண்டும். ஹட்டன் பஜாரில் பருப்புக்கு விலை எழுதாத கடைக்குச் சோதனைக்காரர்கள் வரலாம். கடல் தாண்டியிருக்கும் மென்பொருள் கடைக்கு யாரும் போக முடியாது.

டொலரும் வரியும்

இதற்கு மேலே நாணய மாற்று. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயை மிதக்கவிட்டபோது டொலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து சில வாரங்களுக்குள் 300ஐத் தாண்டி, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு சென்ட் கூட ஏறாத சந்தா ரூபாயில் முக்கால் மடங்கு ஏறிவிட்டது. அந்தக் காலத்தை அனுபவித்த எந்தச் சின்ன அலுவலகமும் டொலர் பில்லை நிம்மதியாகப் பார்ப்பதில்லை. இப்போதும் கார்ட்டில் கட்டினால் வங்கி தன் விற்பனை வீதத்தில் மாற்றி, தன் கட்டணத்தையும் சேர்க்கிறது. கடைசி ரூபாய்த் தொகை வங்கிக் கூற்று வரும்போதுதான் தெரியும். வரியும் இருக்கிறது: 2024 ஜனவரி 1 முதல் வாட் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம், வெளிநாட்டிலிருந்து இணையவழி வரும் சேவைகளையும் அதற்குள் கொண்டுவர 2025இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இவற்றுக்கு மென்பொருள் நிறுவனம் பொறுப்பில்லை. ஆனால் இத்தனை நிச்சயமின்மை ஏற்கனவே இருக்கும் இடத்தில் அலகு விலையும் தெரியாமல் போனால் கொட்டேஷன் எழுதுபவர் குத்துமதிப்பாகத்தான் எழுதுவார்.

பயன்படுத்திய அளவுக்குக் கட்டுவது தப்பா?

தப்பில்லை. சிலர் இந்த முறையையே திட்டுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அமேசனின் கிளவுட் சேவையில் தரவை உள்ளே ஏற்றக் காசில்லை. வெளியே இறக்க மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் அமெரிக்கக் கிழக்குப் பிராந்தியத்தில் ஜிபிக்கு 9 சென்ட். பட்டியல் நீளம்தான், ஆனால் யாரும் வாசிக்கலாம். ஒட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்கின் ஃப்ளெக்ஸ் முறையில், முன்கூட்டியே டோக்கன் வாங்கி வைத்து ஒட்டோகேட்டை ஒரு நாள் திறக்க 7 டோக்கன். ஐந்து நிமிடம் திறந்தாலும் 7 தான், வாங்கிய டோக்கன் ஒரு வருடத்தில் காலாவதி. கடுமையான விதி. இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்த விதி, அதை வைத்து யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெளிப்படையான பட்டியலிலும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. ஆர்க்ஜிஐஎஸ் ஒன்லைன் என்ற இணைய வரைபடச் சேவையில் கட்டணத்தைக் கிரெடிட் என்ற அலகில் கழிக்கிறார்கள்: சாதாரணக் கோப்பைச் சேமிக்க மாதம் 1 ஜிபிக்கு 1.2 கிரெடிட். அதே தகவலை வரைபட அடுக்காக, புள்ளியும் கோடுமாக வெளியிட்டால் 10 எம்பிக்கு 2.4 கிரெடிட். ஜிபி கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 240. இருநூறு மடங்கு வித்தியாசம், இரண்டு வரிகளிலும் அலகு வேறு என்பதால் வேகமாக வாசிப்பவர் கண்ணில் படாது. ஆனாலும் அது எழுதப்பட்டிருக்கிறது, நான் உட்கார்ந்து கணக்குப் போட முடிந்தது. எங்கள் பில்லின் முதல் வரிக்கு அதுகூட வாய்க்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டெம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கிளவுட் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான கட்டணங்களை அது 2027 ஜனவரி 12இலிருந்து முற்றாகத் தடுக்கிறது. அங்குள்ள வாடிக்கையாளருக்கு அது கவசம். ஹட்டனுக்கு அந்தப் பாதுகாப்பு வராது.

என்ன செய்தோம்

பில்லை அப்படியே கட்டவில்லை. ஒவ்வொரு ஓட்டமும் எப்போது தொடங்கியது, எத்தனை படம், ஏன் மறுபடி ஓடியது என்று மென்பொருளின் பதிவேட்டிலிருந்தே எடுத்து ஒரு பக்கத்தில் எழுதினோம். அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: பொத்தானை அழுத்துவதற்கு முன் மேலதிக அலகு விலை எங்கே காட்டப்பட்டிருந்தது, அந்தப் பக்கத்தின் முகவரியைத் தாருங்கள். கோபமாக ஒரு வரியும் எழுதவில்லை. தங்கச்சிதான் ஆங்கிலத்தில் எழுதினார், நன்றாக எழுதியிருந்தார்.

பதிலில் முகவரி இல்லை. "நல்லெண்ண அடிப்படையில்" மூன்றாவது ஓட்டத்தின் 22 கிகாபிக்சலைத் திருப்பித் தந்தார்கள், பணமாக இல்லாமல் கணக்கில் வரவாக, அதுவும் காலாவதித் திகதியோடு. நிறுத்திய கணக்கில் வரவை வைத்து என்ன செய்வது? இரண்டாவது தடவை எழுதினோம். வருட ஒப்பந்தத்துக்கான தொகையைக் குறைத்து, மிச்சத்தைக் கட்டச் சொன்னார்கள். கட்டி முடித்தாயிற்று. கொந்தராத்துக்காரரிடம் ஒரு சதமும் கூடக் கேட்கவில்லை. சொன்ன விலை சொன்னதுதான் என்பதில் அலுவலகம் உறுதியாக நின்றது. அதனால்தான் அடுத்த டிவிஷன் வேலையும் இவர்களுக்கே வந்தது.

இப்போது 500 படம் வரையான வேலைகள் அலுவலகத்துக்குள்ளேயே நடக்கின்றன. ட்ரோன் படங்களைப் பொருத்தும் வெப்ஓடிஎம் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளை ஒரு பழைய மேசைக் கணினியில் போட்டிருக்கிறார்கள். அதன் கையேடு 500 படத்துக்கு 32 ஜிபி நினைவகமும் 1,500 படத்துக்கு 64 ஜிபியும் சொல்கிறது, அதனால் நினைவகத்தை மட்டும் புதிதாக வாங்கிக் கூட்டினார்கள். மின்னல் காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வருவதால் யூபிஎஸ் ஒன்றும் சேர்ந்தது. கிளவுட்டில் சில மணி நேரத்தில் முடிந்தது இங்கே இராத்திரி முழுக்க ஓடும். ஆள்கூற்றுத் தவறுக்கும் முடிவு கட்டியாயிற்று: கட்டுப்பாட்டுப் புள்ளிக் கோப்பின் முதல் வரியில் எஸ்எல்டி99க்கான ஈபிஎஸ்ஜி:5235 என்ற அடையாள எண்ணை (ஆள்கூற்று முறைகளின் சர்வதேசப் பட்டியலில் உள்ளது) எழுதி, அந்தக் கோப்பையே ஒவ்வொரு வேலைக்கும் படி எடுக்கிறார்கள். கொன்டூர் வரைவது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில். எத்தனை தடவை மறுபடி ஓட்டினாலும் மின்கட்டணம் மட்டும்தான், முதலாளி அதைக் கொட்டேஷனுக்குள் அடக்கிவிடுகிறார்.

பெரிய தளங்களுக்கு இன்னமும் கிளவுட் தேவைப்படுகிறது. அதற்கு நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். 20 மெகாபிக்சலில் 1,100 படம், மூன்று தடவை ஓட்டம், மூன்று மாதச் சேமிப்பு, முடிவில் எல்லாக் கோப்புகளையும் பொது வடிவத்தில் இறக்குவது, பிறகு நிறுத்துவது. இது எல்லாவற்றுக்கும் சேர்த்து டொலரில் மொத்தம் எவ்வளவு, வரி சேர்த்தியா, எழுத்தில் தாருங்கள். அலகு விலை, திட்டப் பெயர் எதையும் கேட்கவில்லை. எங்கள் வேலையை வைத்தே கேட்டோம். மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பினோம். இரண்டு அழைப்புக்கு நேரம் கேட்டன. ஒன்று மறுநாளே ஒரு தொகையை எழுதி, மறுபடி ஓட்டினால் ஆள்கூற்று மாற்றத்துக்குக் கழிக்க மாட்டோம் என்ற வரியையும் சேர்த்து அனுப்பியது. மாதச் சந்தாவில் பார்த்தால் முந்தைய நிறுவனத்தை விடக் கூடத்தான். அடுத்த டிவிஷனின் படங்கள் அங்கேதான் ஏறின, கொட்டேஷனில் மென்பொருளுக்கென்று தனி வரி போட்டு அந்தத் தொகையை அப்படியே எழுதியிருந்தார்கள்.